தரையில் பதிந்த வரலாறு

மாளிகைகளின் முகப்பையும் கோபுரத்தையும் அண்ணாந்து பார்ப்பவர் பலர்; குனிந்து தரையைப் பார்ப்பவர் சிலரே. வரலாற்றுப் பாடநூல்களும் இவ்வாறே. கோட்டையைக் கட்டியவன் யார், கொடியை ஏற்றியவன் யார் என்று விரிவாக எழுதும் நூல்கள், அக்கோட்டைக்குள் மனிதர் எதன்மீது நடந்தனர் என்று எழுதுவதில்லை. ஆயினும் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் கடந்த இருநூறு ஆண்டுக் கதையில் ஒரு பெரும்பகுதி, தரையிலும் சுவரின் கீழ்ப்பாகத்திலும் பதிக்கப்பெற்ற ஓடுகளிலும் கற்களிலும் அடங்கிக் கிடக்கின்றது. அதனைப் படிக்க நாம் பழகுவதற்கு முன்னரே அது பெயர்த்தெடுக்கப்பட்டுக் குப்பை வண்டியில் ஏறிவிடுகின்றது. இக்கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகர அமைப்புக் குழுவுக்கு இராபிள்ஸ் விடுத்த கட்டளைகளுள் ஒன்று நம் நகரங்களின் தோற்றத்தையே நிருணயித்தது. ஒவ்வொரு வீட்டின் முன்புறமும் குறிப்பிட்ட அகலமுடைய தாழ்வாரம் ஒன்று இருத்தல் வேண்டும். அது தெருவின் இருமருங்கிலும் கூரையிட்ட நடைபாதையாகத் தொடர்ந்து, எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அக்கட்டளை. மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்றும் நம்மவரால் 'ஐந்தடி' என்றும் வழங்கப்பெறும் நடைபாதை இதுவே. பினாங்கு, மலாக்கா, ஈப்போ, கோலாலம்பூர் எனப் பிற ஊர்களுக்கும் இவ்வமைப்பு பரவிற்று. நிலம் கடைக்காரருடையது, நடப்பவர் ஊரார். ஆதலின் அங்கே பதிக்கும் ஓடு வெறும் தரையாக மட்டும் இருக்கவில்லை. வழிப்போக்கனுக்குத் தன் செல்வநிலையை அறிவிக்கும் விளம்பரப் பலகையாகவும் அது பயன்பட்டது. அந்த ஐந்தடியில் அமர்ந்து பூக்கட்டியவரும் கிளிசோதிடம் பார்த்தவரும் செருப்புத் தைத்தவரும் நம்மவரே. அழகிய ஓட்டின்மேல் சாக்கை விரித்து ஏழைத் தொழிலாளி பிழைத்தான் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

வெளிநாட்டு ஓடுகள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பு இந்நாட்டுக் கட்டடங்களை மெருகேற்றியது சுண்ணாம்பு. அதனை மெருகேற்றிய கைகளுள் பல, விலங்கிடப்பட்ட கைகள். 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை சிங்கப்பூர், இந்தியக் கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த ஊராக விளங்கிற்று. சாலைகளும் பாலங்களும் அரசாங்கக் கட்டடங்களும் அக்கைதிகளின் உழைப்பால் எழுந்தன. 1856இல் தொடங்கி 1861இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயம் அவற்றுள் தலையாயது. கைதிகளுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த மெக்நேர், 1899இல் வெளியிட்ட தம் நூலில் அத்தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சைப் பற்றி விளக்கியுள்ளார். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கரும்புச் சர்க்கரை ஆகியவற்றை அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை அதில் கலந்தனர். பூசிய பின்னர், உருண்டைக் கற்களால் நெடுநேரம் தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடியைத் தூவிப் பளபளப்பேற்றினர். 'மதராஸ் சுண்ணம்' என்பது அதன் பெயர்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்க்கு இச்செய்முறை புதிதன்று. காரைக்குடிப் பகுதியின் பெரிய வீடுகளில், தொட்டால் குளிர்ந்து, கண்ணாடிபோல் முகங்காட்டும் சுவர்களும் வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்த பூச்சினால் ஆனவையே. ஒன்று, செல்வர் தம் மனைக்குச் செய்துகொண்ட அழகு. மற்றொன்று, கைதிகள் ஆள்வோரின் கோயிலுக்குச் செய்து கொடுத்த அழகு. கைவினை ஒன்றாயினும் கூலி ஒன்றாக இல்லை.

கல்லின் கதையும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தொடங்குகின்றது. சிங்கப்பூருக்கு வடகிழக்கேயுள்ள உபின் தீவின் கருங்கல்லை வெட்டி எடுத்துச் சென்றே, 1851இல் ஒளியேற்றப்பெற்ற ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை எழுப்பினர். 1919இல் தொடங்கி 1924இல் முடிந்த ஜொகூர்ப் பாலப் பணிக்கும் அத்தீவு கல் கொடுத்தது. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலோ நிலைமை வேறு. அங்கே நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். பூமியின் வெப்பமும் அழுத்தமும் பட்ட இடங்களில் அதுவே பளிங்காக மாறியிருக்கின்றது. ஈப்போவைச் சுற்றிப் பளிங்கு வெட்டும் தொழில் வளர்ந்தது இதனாலேயே. கருங்கல்லுக்கும் பளிங்குக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மாணவர் நிலநூல் பாடத்தில் படித்துத் தேர்வு எழுதியவுடன் மறந்துவிடுகின்றனர். வீடு கட்டும் வயது வரும்போதுதான் அப்பாடத்தின் விலை தெரிகின்றது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இனி ஓடுகள். இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் டிரெண்ட் நகரில் ஹெர்பர்ட் மின்டன் என்னும் தொழிலதிபர், இடைக்காலத் துறவிகளின் மடங்களில் வழங்கி மறைந்துபோன ஓர் ஓட்டுமுறையை மீட்டெடுத்தார். 1830ஆம் ஆண்டில் சாமுவேல் ரைட் என்பவர் பெற்ற காப்புரிமையில் அவர் பங்கு வாங்கிக்கொண்டார். ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்திப் பள்ளமான கோலம் ஒன்றை உண்டாக்குவது, அப்பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றுவது, நன்கு உலர்ந்தபின் மேற்பரப்பைச் சுரண்டிச் சமன்செய்து சூளையில் இடுவது என்பதே அம்முறை. மேலே தீட்டிய வண்ணமன்று, உள்ளே பதிந்த வண்ணம். ஆதலின் நூறாண்டு மிதித்தாலும் கோலம் அழிவதில்லை. 1840இல் ரிச்சர்டு பிராசர் மற்றொரு வழியைக் கண்டார். ஏறத்தாழ உலர்ந்த களிமண் பொடியைத் திருகு அழுத்தப் பொறியில் இட்டு அழுத்தினால் ஓடு உடனே உருவாகின்றது, உலர்த்தும் நாட்களும் குறைகின்றன, கோணலும் நேர்வதில்லை. இன்று நம் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் பீங்கான் ஓடுகளுள் பெரும்பாலானவை அந்தப் பொடி அழுத்த முறையின் வழித்தோன்றல்களே.

அந்த ஸ்டோக் நகரத்து ஓடுகளைப் பினாங்கு லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையில் இன்றும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சீனப் பெருவணிகர் எழுப்பிய வீடு அது. சீனத் தச்சும் ஸ்காட்லாந்து வார்ப்பிரும்பும் ஆங்கில ஓடும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருக்கின்றன. அதனைப் பழுதுபார்த்துக் காத்த பணிக்கு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. எட்டாண்டுகள் கழித்து, 2008இல், ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுரிமை நகரங்கள் ஆயின.

முதல் உலகப் போர் 1914இல் மூண்டபோது ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டது. அவ்விடைவெளியில் புகுந்தது ஜப்பான். அவாஜி தீவிலும் நகோயா வட்டாரத்திலும் இருந்த தொழிற்சாலைகள், பிரிட்டிஷ் ஓடுகளைப் பார்த்துப் பழகி, ஆறங்குலச் சதுரத்தில் புடைப்புப் பூக்களோடு கூடிய பளபளப்பான ஓடுகளை மலிவாக வார்த்தன. சாமந்தியும் ரோசாவும் பழக்கூடையும் மயிலும் அவற்றில் மலர்ந்தன. இந்தியச் சந்தைக்கென்று இந்துத் தெய்வங்களின் உருவங்களையும் அவர்கள் வார்த்தனர் என்பது சுவையான செய்தி. சிங்கப்பூரின் கூன் செங் சாலையிலும், லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள பெத்தாய்ன் சாலையிலும், பினாங்கு, மலாக்காத் தெருக்களிலும் பெரனாக்கான் வீடுகளின் முகப்பை அலங்கரிப்பவற்றுள் ஜப்பானிய ஓடுகள் மிகுதி. வீடுகளோடு நில்லாமல் கல்லறைகளுக்கும் அவை சென்றன. 1922இல் திறக்கப்பெற்ற சிங்கப்பூர் புக்கிட் பிரவுன் இடுகாட்டில் பல கல்லறைகள் வண்ண ஓடு பதித்தவை. 2011இல் அறிவிக்கப்பெற்ற நெடுஞ்சாலைத் திட்டத்துக்காக அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் அகற்றப்பட்டன.

இவ்வகை ஓடுகளுக்கு 'மஜோலிகா' என்னும் பெயர் வழங்குகின்றது. ஈண்டு ஒரு சொல் விளக்கம் தேவை. இத்தாலியின் பழைய மஜோலிகா, வெள்ளீயம் கலந்த வெண்ணிறப் பூச்சினால் ஆனது. விக்டோரியா காலத்து மஜோலிகாவோ காரீயப் பூச்சில் நிறம் ஏற்றியது. கிந்தாவில் வாழும் நாம் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். மாணவர்க்குச் சொல்லும்போதேனும் இரண்டையும் பிரித்துச் சொல்லுதல் நன்று. ஏனெனில், காரீயப் பூச்சு மென்மையானது. எளிதில் கீறல் விழும். பழங்காலத்தார் அவ்வோடுகளைச் சுவரில் மட்டுமே பதித்துத் தரைக்கு வேறு ஓடு தேர்ந்தது காரணத்தோடுதான். இக்காலத்தில் சில உணவகங்கள் பழைய சுவர் ஓடுகளை வாங்கித் தரையில் பதித்து, இரண்டே ஆண்டுகளில் மயிலின் தோகையைத் தேய்த்துவிடுகின்றன. இதனைக் கலையார்வம் என்று சொல்ல என் நா எழவில்லை.

நகரத்தாரின் கதைக்கு வருவோம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் தரையே அலுவலகமாக இருந்தது. நாற்காலியும் மேசையும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு இடத்தில் பெட்டகமும் சாய்வுமேசையும் வைத்துக்கொண்டு, தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, தோட்டக்காரருக்கும் ஈயச் சுரங்க முதலாளிக்கும் கடைக்காரருக்கும் கடன் கொடுத்தனர். 1859இல் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் அவர்களே. அக்கிட்டங்கிகள் 1970களின் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. அங்கே ஈட்டிய வட்டி எங்கே போயிற்று? மலாயாவிலும் பர்மாவிலும் ஈட்டிய பொருளே செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூணாகவும் இத்தாலியப் பளிங்குத் தரையாகவும் ஜப்பானிய ஓடாகவும் உருமாறிற்று. ஐந்தடியில் நாம் காணும் அதே பூ, காரைக்குடி வீட்டு வளவிலும் பூத்திருப்பது இதனால்தான்.

இறக்குமதி ஓட்டைக் கண்டு செட்டிநாட்டார் தாமும் ஒன்று செய்யத் தொடங்கினர். அதுவே ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடாத சிமெண்டு ஓடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் தோன்றிய சிமெண்டு ஓட்டின் உறவுமுறை என்று சொல்லலாம். ஆயினும் ஆத்தங்குடியாரின் கைநுட்பம் தனித்தது. இரும்புச் சட்டத்தினடியில் ஒரு கண்ணாடித் துண்டை வைப்பர். அதன்மேல் தகட்டால் ஆன பூ அச்சை நிறுத்துவர். ஒவ்வோர் அறையிலும் உரிய நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைப் பதமாகத் தூக்கிவிடுவர். நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பது கையின் பழக்கமேயன்றி வேறில்லை. பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே சாந்தைக் கொட்டி அழுத்துவர். உலர்ந்த ஓட்டைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்து எடுத்தபின் கண்ணாடி விலகுகின்றது. கண்ணாடியின் வழவழப்பு ஓட்டில் தங்கிவிடுகின்றது. நடக்க நடக்க அதன் பளபளப்பு கூடும். துடைக்கும் நீரில் சில துளி தேங்காய் எண்ணெய் விடுவது அவ்வூர் வழக்கம்.

அதே காலத்தில் இங்கே பால்மரம் சீவிய நம் முன்னோரின் தரை எவ்வாறு இருந்தது? லயன் வீடுகளில் மண்தரையும் பலகைத் தரையும். பின்னாளில் சிமெண்டுத் தரை. மண்தரையைச் சாணமிட்டு மெழுகிய பாட்டிமாரை என் வயதினர் பலர் கண்டிருப்பர். சிமெண்டில் சிவப்புச் சாயம் கலந்து தேய்த்துவிட்டால் அதுவே தோட்டத்துப் பளிங்கு! வரலாற்று மாளிகைகளைப் பார்க்கச் செல்லும் மாணவரிடம் நான் இதனைத் தவறாமல் சொல்வதுண்டு. இரப்பரின் விலை ஏறிய ஆண்டுகளில் ஐந்தடியில் ஓடு ஏறிற்று. அப்பாலைச் சுமந்தவர் வீட்டில் ஓடு ஏறவில்லை. அம்மண்தரைகளைக் காத்துவைப்பதற்கு விருது ஏதும் இல்லை. அவற்றுட் பல செம்பனைக்குக் கீழே போய்விட்டன.

இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டத்திலிருந்து பட்டணம் வந்து சொந்த வீடு வாங்கும் நம்மவர் முதலில் செய்வது தரை மாற்றுவதே. ஆதலின் தேர்வும் பேணலும் குறித்துச் சில கூறுவது பொருந்தும். கிந்தாவின் பளிங்கைப் பற்றி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கின்றேன்.

பளிங்கு என்பது சுண்ணாம்பின் இனம். புளிப்பு எதுவாயினும் அதனைத் தின்னும். எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் ஆகியவை சிந்திய இடத்தில் பளபளப்பு மங்கி ஒரு தழும்பு விழும். இது கறையன்று, கல்லே கரைந்த இடம். ஆதலின் எவ்வளவு துடைத்தாலும் போகாது; மீண்டும் மெருகேற்றுவதே வழி. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் பழக்கமுள்ள நம் வீடுகளில், பளிங்குத் தரைமேல் அமர்ந்து அவ்வேலையைச் செய்தல் கூடாது. சமையலறைக்குப் பளிங்கு ஏற்றதன்று என்பது என் துணிபு. கருங்கல்லோ வேறினம், புளிப்புக்கு எளிதில் இடங்கொடாது. பாலும் தயிரும் எலுமிச்சைச் சாறும் பஞ்சாமிர்தமும் நாள்தோறும் வழிந்தோடும் கருவறையில் நம் முன்னோர் கருங்கல்லை வைத்ததைப் பொருளறிவோடும் சேர்த்துப் பார்க்கலாம். இக்காலத்துத் திருப்பணிகளில் அபிடேக நீர் ஓடும் இடத்திலும் வெண்பளிங்கு பதிக்கின்றனர். சில ஆண்டுகளில் அது சொரசொரப்பாகி மஞ்சள் பூத்துவிட, கல் விற்றவரைக் குறைகூறுகின்றனர்.

பளிங்கின் மற்றொரு பகை மணல். பளிங்கைவிட மணற்பரல் மிகக் கடினமானது. செருப்போடு வரும் மணல் தரையில் அரம்போல் வேலை செய்யும். வாசலில் ஒரு கால்மிதியும், நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் ஒருமுறை பெருக்குவதும், விலையுயர்ந்த மெழுகுகளைக் காட்டிலும் மேலானவை. எண்ணெய்க் கறை பட்டால், வெண்களிமண் பொடியைக் கறை நீக்கும் கரைசலோடு குழைத்து அப்பி, மூடி, ஒருநாள் விட்டுவிடின் அது கறையை உறிஞ்சி எடுக்கும்.

பீங்கான் ஓட்டைத் தேர்வதில் நிறத்தைப் பார்ப்பவர் மிகுதி. நீர் உறிஞ்சுதலைக் கேட்பவர் அரிது. நெருக்கமாகச் சுட்ட போர்சலின் ஓடு தன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் நீரை ஏற்காது. சாதாரணச் சுவர் ஓடோ பத்து விழுக்காட்டுக்கும் மேல் ஏற்கும். மழை சாரலடிக்கும் நம் நாட்டுத் தாழ்வாரத்துக்கு முன்னதே தக்கது. அதுவும் வழுக்காத மேற்பரப்புடையதாக இருத்தல் வேண்டும். பள்ளிக்கூட நடைவழிகளுக்குக் கண்ணாடிபோல் மின்னும் ஓட்டை நன்கொடையாளர் மனமுவந்து பதித்துத் தருவதும், முதல் மழையன்றே முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வழுக்கி விழுவதும் பல இடங்களில் நிகழ்ந்தவையே. நன்கொடையைப் பெறும் தலைமையாசிரியர், நன்றியுரைக்கு முன்பாக ஓட்டின் மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கி, நீர் ஊற்றி மிதித்துப் பார்த்தல் நலம்.

கழுவுவதற்குச் சாதாரணச் சவர்க்கார நீரே போதும். விரைவாக வெண்மை வேண்டி அமிலம் ஊற்றுவோர் உளர். பீங்கான் தாங்கினும் ஓடுகளின் இடையேயுள்ள சிமெண்டு தாங்காது. ஆத்தங்குடிக் கல்லும் பழைய சிமெண்டு ஓடும் பாழாகும். அமிலத்தையும் குளோரின் வெளுப்பானையும் ஒருசேரப் பயன்படுத்தினால் நச்சுவாயு கிளம்பும்; பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

பழைய கடைவீடுகளைப் பழுதுபார்ப்பவர்க்கு ஒரு செய்தி. அவ்வீடுகளின் சுவர், செங்கல்லும் சுண்ணாம்பும். நிலத்தின் ஈரம் அதில் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்பின் வழியே ஆவியாகி வெளியேறும். ஓடு தளர்ந்துவிட்டதென்று கெட்டிச் சிமெண்டால் மீண்டும் பதித்து, சுவருக்கும் நீர்புகாச் சாயம் அடித்துவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் மேலும் உயர ஏறுகின்றது. உப்புப் பூத்துச் செங்கல்லையே பொடியாக்குகின்றது. சுண்ணாம்புச் சாந்தில் பதித்த ஓட்டை வேண்டும்போது முழுதாகப் பெயர்த்தெடுக்கவும் கூடும். சிமெண்டில் பதித்தது உடைந்தே வரும்.

முழுதாகப் பெயர்ந்த ஓட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சாந்தின் பிடிப்புக்காக அச்சில் வார்த்த கோடுகளின் நடுவே, பல ஓடுகளில், செய்த நிறுவனத்தின் குறியும் நாட்டின் பெயரும் புடைத்திருக்கும். எந்த ஓடு இங்கிலாந்தினுடையது, எது பெல்ஜியத்தினுடையது, எது ஜப்பானுடையது என்று ஆராய்வோர் முதலில் நோக்குவது அம்முதுகைத்தான். வீடு நிற்கும்வரை அவ்வெழுத்துகள் சுவரை நோக்கியே இருக்கும். ஓடு கழலும்போது படிப்பதற்கு ஆள் இருந்தால் படிக்கலாம். இல்லையேல் அடுத்த லாரியில் அது போய்விடும்.